ஒன்பதரை மணிக்கு நிற்கும் கிரைண்டர்

அம்மா இட்லிக் கடை வைத்துத்தான் என்னையும் அக்காவையும் வளர்த்தார். தண்டையார்பேட்டையில் ஆறு குடித்தனங்கள் வரிசையாக இருந்த ஒரு வீட்டில், வாசலை ஒட்டிய முதல் அறை எங்களுடையது. துறைமுகத்துக்கு முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களும் லாரி ஓட்டுநர்களும் காலை ஐந்தரைக்கே வந்து நிற்பார்கள் என்பதால், மறுநாளுக்கான மாவை முந்தைய இரவே அரைத்துப் புளிக்க வைத்தாக வேண்டும். எட்டரை மணிக்கு உளுந்து, அதை வழித்தெடுத்தபின் அரிசி என்று கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்பதரை மணியானதும், அரிசி பாதி அரைபட்டிருக்கும்போதே, அம்மா சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்காரம்மாவின் கூடத்துக்குப் போய்விடுவார். பத்து மணிக்குத் திரும்பி வந்து மீதியை அரைப்பார். 1999-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கிய இந்த வழக்கம், இடையிடையே சிறு இடைவெளிகளோடு, 2018 டிசம்பர் வரை பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. அந்த அரைமணி நேரம் நடிகை ராதிகாவின் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரியது.

சென்ற மாதம் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில், கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கும் பையன் ஒருவன், சீரியலில் நடிப்பதெல்லாம் நடிப்பில் சேராது என்று பேச்சுவாக்கில் சொன்னான். பந்தியில் இலை போட்டாகிவிட்டது, பேச்சும் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் தங்கிவிட்டது. ஒரு தொடர் நடிகர் என்ன வேலை செய்கிறார், அதை இருபது ஆண்டுகள் விடாமல் செய்வதென்றால் என்ன என்பதைக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்த ஒருத்தி என்ற முறையில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ராதிகா தொலைக்காட்சிக்கு வந்தபோது அவர் புதியவர் அல்லர். 1978-இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமாகி, இருபது ஆண்டுகள் தமிழிலும் தெலுங்கிலும் நாயகியாக நடித்து, தயாரிப்பாளராகத் தேசிய விருதும் பெற்று, ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயியாகத் தென்மாவட்டத்துத் தங்கை ஒருத்தியை மறக்க முடியாதபடி காட்டியவர். முப்பத்தைந்து வயதைக் கடந்த நாயகிக்குத் தமிழ்ப் படவுலகம் அப்போது கொடுத்துவந்த இடம் அம்மா வேடம் அல்லது அண்ணி வேடம்தான். அந்த இடத்தில் போய் நிற்காமல், தன் வயதுக்கும் தன் ஆற்றலுக்கும் பொருந்திய கதையைத் தானே உருவாக்கிக்கொள்ளத் தொலைக்காட்சியை அவர் தேர்ந்துகொண்டார் என்றே நான் கருதுகிறேன். 1990-களில் அவர் தொடங்கிய ராடான் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் பின்னர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் அளவுக்கு வளர்ந்தது. நடிக்கிறவரே முதலாளியாகவும் இருந்தது இந்தத் தொழில் வாழ்க்கையின் முக்கியமான கூறு.

அன்றைய ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் அதன் கனம் விளங்கும். பெரிய தொடர்களின் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட நேரத்துக்காகத் தொலைக்காட்சிக்கு ஒளிபரப்புக் கட்டணம் செலுத்திவிட்டு, அந்த அரைமணிக்குள் வரும் விளம்பர நேரத்தைத் தாங்களே விற்றுச் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். மக்கள் பார்க்கவில்லையென்றால் விளம்பரம் வராது. விளம்பரம் வராவிட்டால் கட்டணம் கையைக் கடிக்கும். ஆகவே ராதிகாவுக்குக் காலையில் முகத்தில் ஒப்பனை ஏறும்போதே மனத்தின் ஒரு மூலையில் கணக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இது தெரியாது. ஆனாலும் ஒரு நாள், விளம்பரம் நீண்டுகொண்டே போனபோது அக்கா சலித்துக்கொண்டதற்கு, “வெளம்பரம் நெறய வரட்டும், அப்பத்தான் அந்தப் பொண்ணு கட நடக்கும்” என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. கடை நடத்துகிறவருக்குக் கடை நடத்துகிறவரின் நிலை புரிந்திருந்தது.

1999-இன் கடைசியில் தொடங்கிய ‘சித்தி’ தொடரின் தலைப்பே பாதி வேலையைச் செய்துவிட்டது என்பேன். அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான். ஒன்றில் செல்லம், மற்றொன்றில் அச்சம். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில், அந்தச் சொல்லைத் தலைப்பாக்கிச் சாரதா என்ற பெண்ணை நிறுத்தியபோது, ஆறு குடித்தனத்திலும் அதற்கு ஒரு சொந்தக் கதை இருந்தது. எங்களுக்கு மூன்றாவது வீட்டில் இருந்த பெண்மணி உண்மையிலேயே ஒரு சித்தி. கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகள் இருவரை வளர்த்துக்கொண்டிருந்தவர். தொடர் தொடங்கிய முதல் வாரத்தில் அவர் கூடத்தின் கடைசியில், வாசற்படி ஓரம் உட்கார்ந்திருந்தார். சில மாதங்களில் முன்வரிசைக்கு வந்துவிட்டார். யாரும் அவரை அழைத்து முன்னால் உட்காரச் சொல்லவில்லை. உடன் நடித்தவர் சிவகுமார் என்பதால் ஆண்களும் நின்று பார்த்தார்கள். எங்கள் அப்பா பீடியை அணைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே நின்றபடி பார்ப்பார், உள்ளே வரமாட்டார்.

சித்தி 2001-இல் முடிந்தது. அதன்பின் அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றின் ஆண்டுகளை நான் எந்தப் பட்டியலையும் பார்க்காமல் சொல்ல முடியும், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தவை எல்லாம் அவற்றோடுதான் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் உள்ளே வந்தபோது அண்ணாமலை ஓடிக்கொண்டிருந்தது. காசிமேட்டுப் பக்கமிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தூரத்து உறவினர்கள் மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு அந்தப் பெண்களும் கூடத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்களுக்கென்று ஒரு பெட்டி வந்து சேர்ந்தபோது அரசி ஓடிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் அம்மாவுக்கு வீட்டுக்காரம்மாவின் கூடத்துக்குப் போகவேண்டிய தேவை இல்லை, ஆனால் மேலும் சில மாதங்கள் அங்கேதான் போய்ப் பார்த்தார். அக்காவின் திருமணம் அரசியின் காலத்தில். அப்பாவின் மரணம் செல்லமேயின் காலத்தில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாட்கள் கழிந்தபின், ஓர் இரவு ஒன்பதரைக்குக் கிரைண்டர் நின்றது. அம்மா பழையபடி ஆகத் தொடங்கிவிட்டார் என்பதை அக்கா அந்த நிசப்தத்தை வைத்துத்தான் கண்டுகொண்டாள்.

தொடரின் உட்புறத்தை எனக்குக் காட்டியவர் மாமா. அம்மாவின் தம்பியான அவர், வேறு நிறுவனங்களின் தொடர்களில் லைட்மேனாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். விடியற்காலையில் தண்டையார்பேட்டையில் பேருந்து ஏறி, பாரிமுனையில் மாறி, வடபழனியில் யூனிட் வேனைப் பிடித்து, வளசரவாக்கத்திலோ போரூரிலோ இருக்கும் ஷூட்டிங் பங்களாவுக்குப் போய்ச் சேருவார். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை கால்ஷீட். பேக்கப் ஆகி, விளக்குகளை இறக்கிக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, பேட்டாவை வாங்கிக்கொண்டு அவர் வீடு வந்து சேரும்போது எங்கள் மாவு புளிக்கத் தொடங்கியிருக்கும். ஒரு பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் என்னையும் உடன் அழைத்துப் போனார்.

அங்கே நான் முதலில் புரிந்துகொண்டது, கதை நாம் பார்க்கும் வரிசையில் எடுக்கப்படுவதில்லை என்பதை. கூடத்துக்கு ஒரு முறை விளக்கு அமைத்துவிட்டால், மூன்று நான்கு பகுதிகளில் கூடத்தில் நடக்கும் காட்சிகள் அத்தனையையும் அப்போதே எடுத்து முடித்துவிடுவார்கள், ஏனென்றால் விளக்கை மாற்றிவைப்பதற்குப் போகும் நேரம்தான் படப்பிடிப்பில் மிக விலை உயர்ந்த பொருள். ஆகவே நடிகை ஒருவர் காலை பத்து மணிக்கு மகன் இறந்த செய்தி கேட்டு உடைந்து அழ வேண்டும். பதினொன்றரைக்குப் புடவை மாற்றி, அதே சோபாவில், அவன் இறப்பதற்கு இரண்டு நாள் முந்தைய காட்சியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போவதைப் பற்றிச் சிரித்துப் பேச வேண்டும். மதிய உணவுக்குப்பின் திரும்பவும் வெள்ளைப் புடவை. எந்தக் காட்சியில் எந்த வளையல், பொட்டு எந்த அளவு என்பதைக் குறித்துவைக்க உதவி இயக்குநர் உண்டு. முந்தைய காட்சியில் அந்தப் பெண் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தாள், எவ்வளவு களைத்திருந்தாள் என்பதைக் குறித்துவைக்க எவரும் இல்லை. அதை நடிகர் தன்னிடமேதான் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வசனம் அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. சில சமயம் காட்சிக்கு அரைமணி முன்னால் வரும் என்று மாமா சொன்னார். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு முழுப் பகுதிக்கு வேண்டிய அளவு எடுத்தால்தான் ஒளிபரப்புக்கு ஈடுகொடுக்க முடியும் என்னும் நெருக்கடியில், மனப்பாடம் செய்ய நேரமில்லை. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை உரக்கப் படிப்பார்; நடிகர் அதைக் காதில் வாங்கியபடியே, தனக்கு அப்போதுதான் தோன்றியதைப்போல் சொல்ல வேண்டும். பிராம்ப்டிங் என்பார்கள். இதைக் கேலியாகப் பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு காதில் வேறொருவர் குரல் ஓட, முகத்தில் அது தெரியாமல், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது எத்தனை கடினமானது என்று அவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். நான் அந்தப் பங்களாவின் பின்கட்டில், மாமாவைப் படிக்கச் சொல்லி நாலு வரி முயன்று பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே என் கண்கள் குரல் வந்த பக்கம் போய்விட்டன.

அந்த இரண்டு நாளில், அப்பா வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், தன் சட்டை வேட்டிகளைத் தாமே ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார். துணை வேடங்களில் வருகிறவர்களுக்கு அதுதான் வழக்கம் என்றார் மாமா. அன்று மாலையே அவர் வேறொரு தொடரின் படப்பிடிப்புக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அவர் ஊழல் செய்யும் அரசியல்வாதி. ஆட்டோவில் ஏறும்முன் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. முகம் அனைவருக்கும் தெரியும். ராதிகாவின் பெயரைச் சுற்றியே இதை எழுதிக்கொண்டிருந்தாலும், அவருடைய பத்தொன்பது ஆண்டுகளும் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களின் தோளில் நின்றவை என்பதை நான் மறக்கவில்லை.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு ராதிகாவின் நடிப்பைப் பார்க்கத் தெரிந்தது. திரைப்படத்தில் நடிகரின் முகம் சில கணங்களே நெருக்கத்தில் வரும். தொடரிலோ நெருக்கம்தான் வாழிடம். கேமராவை முகத்தின் அருகில் வைப்பதற்குச் செலவு குறைவு, பின்னணியைச் சோடிக்க வேண்டாம், பெட்டியின் திரையும் சிறியது. இதனால் ஒரு செய்தியைக் கேட்டதும் வந்திருக்கும் அனைவரின் முகத்தையும் தனித்தனியே காட்டும் வழக்கம் உண்டானது. பலர் அந்த இடத்தில் கண்ணை விரித்துக்கொண்டு நிற்பார்கள். ராதிகா அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே, எந்தச் சொல் அவரைத் தைத்தது என்பது நமக்குத் தெரிந்துவிடும். பேசும்போது நடிப்பதற்குப் பலர் உண்டு, கேட்கும்போது நடிப்பவர்கள் குறைவு. தொடரோ பெரும்பகுதி கேட்பதால் ஆனது. அம்மா இதைத் தன் வழியில் சொல்வார்: “அவ சும்மா நிக்க மாட்டா. நின்னாலும் காது வேல செய்யும்.”

குரலையும் சொல்ல வேண்டும். தொடர்களில் பல நாயகிகளுக்கு வேறொருவர் டப்பிங் பேசிய காலத்தில், ராதிகா தன் குரலிலேயே பேசினார். சற்றுக் கரகரப்பான, இனிமை என்று வழக்கமாகச் சொல்லப்படுவதிலிருந்து விலகிய குரல். மீன் சந்தையிலும் தண்ணீர் லாரிக்கு முன்னாலும் கத்திப் பேசிப் பழகிய எங்கள் பகுதிப் பெண்களுக்கு அந்தக் குரல் அந்நியமாக இருக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, இடம் பிடிக்கச் சண்டையிட்டு, தொண்டை கட்டிப்போய் வருகிறவர்களுக்குத் தேன் சொட்டும் குரலில் பேசும் நாயகி எவ்வளவு தூரத்தவள்!

கதைகளைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மரணத்தை வாரக்கணக்கில் இழுப்பது, சொத்துக்காகத் தாயும் மகளும் சூழ்ச்சி செய்துகொண்டே இருப்பது, பெண்ணுக்குப் பெண்ணே பகை என்பதை ஓர் இயற்கை விதியைப்போல் காட்டுவது ஆகியவை அந்தக் காலத்துத் தொடர்கள் பலவற்றிலும் இருந்தன. ராதிகாவின் தொடர்களும் அதற்கு முழுவதும் விலக்கல்ல. வாரந்தோறும் வரும் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்துக் கதையைத் திருப்புகிறார்கள் என்பது மாமா வாயிலாக எனக்குத் தெரியும். எண்ணிக்கை கூடினால் முடிய வேண்டிய கிளைக்கதை முடியாது; குறைந்தால் நேற்றுவரை நல்லவனாக இருந்தவன் இன்று விஷம் வாங்கிக்கொண்டு வருவான். ஆனால் இந்தக் குறைதான் நடிகரின் சுமையை எனக்கு உணர்த்தியது. எழுதுகிறவர்கள் மாறுவார்கள், இயக்குநர்கள் மாறுவார்கள், கதை தன்னையே மறந்துவிடும். ஆயிரத்துச் சொச்சம் பகுதிகளுக்குப் பின்னும் அந்தப் பெண் அதே பெண்தான் என்று பார்க்கிறவரை நம்பவைக்கும் பொறுப்பு நடிகரின் உடலுக்கே வந்து சேருகிறது. அவள் நாற்காலியில் உட்காரும் விதம், கோபம் வந்தால் முதலில் அடங்கிப்போகும் விதம், மகனைக் கூப்பிடும் தொனி, இவை நழுவினால் தொடரில் கதை என்று எதுவும் மிஞ்சாது.

இதன் உச்சம் வாணி ராணி. 2013 ஜனவரியில் தொடங்கி 2018 டிசம்பரில் முடிந்தது. 1,700-க்கும் மேற்பட்ட பகுதிகள். விளம்பரம் போக ஒரு பகுதிக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 560 மணி நேரத்துக்கு மேல் வருகிறது, அதாவது இரண்டரை மணி நேரப் படங்கள் 220-க்குமேல். அதில் அவருக்கு இரட்டை வேடம் வேறு. அண்ணன் தம்பி இருவரை மணந்த இரட்டைச் சகோதரிகள். வாணி வழக்கறிஞர், ராணி குடும்பத் தலைவி. வேணு அரவிந்தும் பப்லு பிருத்விராஜும் கணவர்களாக நடித்தார்கள். வாணியும் ராணியும் ஒரே காட்சியில் வந்தால் எப்படி எடுப்பார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். கேமராவை ஓரிடத்தில் அசையாமல் பூட்டிவிட்டு, ஒருத்தியின் பகுதியை முதலில் எடுத்து, நடிகர் போய் உடையும் ஒப்பனையும் மாற்றி வந்தபின் மற்றொருத்தியின் பகுதியை எடுத்து இரண்டையும் பொருத்த வேண்டும். இல்லையென்றால் தோளும் பின்தலையும் மட்டும் தெரியும்படி ஒரு டூப்பை நிறுத்திச் சஜஷன் ஷாட்டாக எடுக்கலாம். இடையில் சன்னல் வெளிச்சம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது லைட்மேன்களின் தலைவலி. நடிகரின் தலைவலி வேறு: எதிரில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து, தான் இன்னும் பேசாத பதிலுக்கு முகம் மாற வேண்டும். மாமா சொல்லிவிட்டுச் சற்று யோசித்து, “சினிமால இத ஒரு படத்துல நாலு சீன்ல செய்வாங்க. இங்க ஆறு வருஷம்” என்றார்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலடித்து எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லாமல் போனது. கிரைண்டரும் ஓடவில்லை, தொடரும் தெரியவில்லை. அம்மா ஆட்டுக்கல்லைக் கடன் வாங்கி வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாவை ஆட்டினார். ஒன்பதரைக்கு ஆட்டுவதை நிறுத்தினாரா என்று நான் கவனிக்கவில்லை. அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வாணி ராணிக்குப் பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சந்திரகுமாரி என்ற தொடரில் நடித்து இடையிலேயே விலகினார். அந்த வேடத்தை விஜி சந்திரசேகர் ஏற்றார். 2020 ஜனவரியில் சித்தியின் இரண்டாம் பாகம் தொடங்கியது. இரண்டு மாதத்துக்குள் கொரோனா ஊரடங்கு வந்து எல்லாப் படப்பிடிப்புகளும் நின்றன. மாமா அந்த மாதங்களில் வேலையின்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தினக்கூலியை நம்பிய யூனிட் ஆட்களுக்கு அது மிகக் கொடிய காலம். படப்பிடிப்பு மீண்டும் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தபோதே, 2021-இல் ராதிகா அந்தத் தொடரிலிருந்து விலகினார். அவர் இல்லாமல் அது மேலும் சில காலம் ஓடியது. அம்மா ஒரு வாரம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் இளமையில் பல நாடகங்கள் பார்த்தவர். எம்.ஆர்.ராதா நாடகம் பார்த்ததைச் சொல்லும்போது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார். ‘ரத்தக்கண்ணீர்’ 1954-இல் படமாக வந்தபோது அது மேடையில் ஏற்கெனவே பலமுறை நடிக்கப்பட்டுவிட்ட நாடகம். ஒரே வேடத்தை ஊர் ஊராக, இரவுக்கிரவு போட்டவர் அவர். அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்றிரவே வசனத்தில் சேர்த்துப் பேசுவார் என்பதால் நேற்று பார்த்தவர்களும் இன்று வருவார்கள். ராதிகா எம்.ஆர்.ராதாவின் மகள்தான் என்று சித்தி தொடங்கிய புதிதில் தாத்தாவுக்குச் சொன்னபோது, அவர் பெட்டியின் அருகே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “தெனம் வர்றாளா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றோம். “அப்ப அவரு பொண்ணுதான்” என்றார். சாயலை வைத்து அவர் முடிவு செய்யவில்லை.

2017-இல் அம்மாவுக்கு இரண்டு மாத இடைவெளியில் இரு கண்களிலும் புரை அறுவை நடந்தது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் நல்லபடியாகச் செய்து அனுப்பினார்கள்; சில நாட்களுக்குப் புகை, தூசி, தொலைக்காட்சி எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கடைக்கு விடுமுறை விட மனமில்லாததால் மாவரைக்கும் வேலையை நான் ஏற்றேன். முதல் நாள் இரவு, ஒன்பதரைக்கு உள்ளே இருந்து குரல் வந்தது: “கிரைண்டர நிறுத்து, பொட்டியப் போடு. நான் பாக்கல, கேக்கறேன்.” கறுப்புக் கண்ணாடியோடு, பெட்டிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அன்று அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் பேசும் நீண்ட காட்சி ஒன்று வந்தது. பெயர் சொல்லி விளிக்காமலேயே இருவரும் பேசிக்கொண்டு போனார்கள். அம்மா தானாகவே, “இது ராணி... இப்ப வாணி... இது ராணிதான், அழுவப் போறா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரையைப் பார்த்துச் சரிபார்த்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒரே ஆள், ஒரே குரல், ஒரே கரகரப்பு. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“வாணி பேசினா வார்த்த முடிஞ்ச எடத்துல நிக்கும். கோர்ட்டுல பேசறவ இல்ல? ராணி முடிச்சப்புறமும் கொஞ்சம் இழுப்பா. வீட்டுல அவ பேசறத யாரு முழுசா கேட்டாங்க, அதான்.”

பத்து மணிக்கு மீதி அரிசியை நான் அரைத்தேன்.